தங்குகிறவர்கள் இல்லாத சாலை

அமெரிக்காவின் 66ஆம் எண் நெடுஞ்சாலை 1926இல் பிறந்து 1985இல் பணி ஓய்வு பெற்றது. சிகாகோவிலிருந்து பசிபிக் கரைவரை ஏறக்குறைய 2,400 மைல். புதிய அகலச் சாலைகள் ஒவ்வோர் ஊராக அதை ஒதுக்கிவிட்டுப் போனபின், அந்த எண்ணையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று அதற்குப் பெயர் சரித்திரச் சாலை. ஓய்வுபெற்ற இந்தச் சாலையோரத்தின் மேட்டுப்பாலை ஊர்களுக்கு ஓய்வுபெற்ற மனிதர்கள் வந்து குடியேறுகிறார்கள். அரிசோனாவின் கிங்மன் ஓர் உதாரணம். 1880களில் ரயில் பாதையை ஒட்டித் தோன்றிய ஊர். உயரம் 3,300 அடி. கீழே கொலராடோ நதிக்கரையில், 500 அடிகூட உயரமில்லாத நீடில்ஸில், கோடை கொல்லும். கிங்மனில் சுடும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் எப்போதாவது பனியும் விழும். கலிபோர்னியாவில் வீட்டை விற்றவர் இங்கே ஒரு வீடு வாங்கிக் கையில் மிச்சமும் வைத்துக்கொள்ளலாம். வருகிறவர்களின் கணக்கு எளிமையானது.

ஆனால் இந்தச் சாலையைப் பற்றிய புத்தகங்களையும் படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, இவர்களுக்கு அவற்றில் இடமே இல்லை என்பது என்னை உறுத்தியது. கிழவர்கள் வருகிறார்கள், போகிறார்கள், சாகிறார்கள். தங்குகிற கிழவர் இல்லை. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. சாலையை வைத்து எழுதுகிறவனின் பார்வையிலேயே உள்ள ஒரு ஊனம் இது.

ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939) நாவலை எடுத்துக்கொள்வோம். ஓக்லஹோமாவிலிருந்து கிளம்பும் ஜோடு குடும்பத்தில் தாத்தா முதல் இரவே இறந்துபோகிறார். நிலத்தை விட்டு அவரைப் பெயர்த்தபோதே அவர் செத்தாயிற்று என்று முன்னாள் பிரசங்கி கேஸி சொல்வதை நாவலாசிரியரின் தீர்ப்பாகவே கொள்ளலாம். பாட்டி மொஹாவி பாலையை இரவில் கடக்கும்போது லாரியின் மேலேயே உயிரை விடுகிறாள். சோதனைச் சாவடியில் வண்டி நின்றுவிடக் கூடாதே என்று, பிணத்தின் பக்கத்தில் படுத்தபடி தாய் வாயைத் திறக்காமல் பாலையைத் தாண்டுகிறாள். நாவலின் மிக உக்கிரமான பகுதி இது; சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால், அதே நீடில்ஸ் ஆற்றங்கரையில், வேறொன்றும் நடக்கிறது. மூத்த பேரன் நோவா, தான் இனி வரப்போவதில்லை, ஆற்றோடு போய் மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறான். அதன்பின் அவன் கதைக்குள் திரும்புவதே இல்லை. பாலையில் நின்றுவிடத் தீர்மானித்த ஒரே பாத்திரம் நாவலை விட்டே விழுந்துவிடுகிறது. ஸ்டைன்பெக்குக்கு அவன் இனி என்ன ஆனான் என்ற கேள்வி இல்லை. அவருடைய கதை லாரியோடு போகிறது.

நமக்கு இது பழக்கமான விஷயம். நம் திணை இலக்கணத்தில் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. தொல்காப்பியர் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து பாலையாகிற கணக்கைச் சிலப்பதிகாரத்தில் பார்க்கிறோம். பொருள் தேடிப் போகிறவன் கடக்கிற வெளி அது. அங்கே குடியிருப்பவர்கள் எயினர், மறவர் என்று வழிப்போக்கனின் அச்சத்தில்தான் அதிகம் தெரிகிறார்கள். இந்தப் பழக்கத்தினாலேயே நாம் அமெரிக்கப் பாலையை வாசிக்கையில் சீக்கிரம் திருப்தியடைந்துவிடுகிறோம் என்று நினைக்கிறேன். நம் புதுக்கவிதையிலும் பாலை என்றால் வெறுமை என்று ஒரு வாய்பாடு உண்டு. மணலை எழுதினால் மனசை எழுதியாயிற்று. அங்கே ஒருத்தி தண்ணீர் எடுக்கப் போவாளே என்ற நினைவு கவிஞருக்கு வருவதில்லை.

பெர்ஸி அட்லனின் 'பாக்தாத் கஃபே' (1987) படத்தில் தங்குகிற கிழவர் ஒருவர் உண்டு. ஜாக் பேலன்ஸ் நடித்த ரூடி காக்ஸ், ஹாலிவுட்டில் செட்டுகளுக்குப் படம் வரைந்தவர். இப்போது மொஹாவி பாலையில் ஒரு பாடாவதி விடுதியின் பக்கத்தில், டிரெய்லர் வண்டியில் வாசம். ஜெர்மனியிலிருந்து வந்து சேரும் பருத்த பெண் யாஸ்மினை வரைகிறார். அவள் மேல் காதலும் கொள்கிறார். இனிமையான படம்தான். ஆனால் ரூடிக்கு மூட்டு வலிப்பதில்லை. பணம் எப்படி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. யாஸ்மின் விடுதியின் அலுவலறையைத் துப்புரவாகக் கழுவித் துடைக்கிறாள். அந்தப் பாலையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று காமிரா திரும்பிப் பார்ப்பதில்லை. முதுமை இங்கே ஒரு நிறம். மஞ்சள் வானத்துக்குப் பொருத்தமான நிறம். அட்லன் அழகைக் கண்டுவிட்டார். அந்த அழகுக்கு மாதாமாதம் யார் செலவு செய்கிறார்கள் என்பதைக் காணவில்லை. படம் எடுத்த இடத்திலிருந்து கிழக்கே இருந்த உண்மையான பாக்தாத், 1973இல் அகலச் சாலை திறந்தபின் அழிந்துபோன ஊர்.

பிக்ஸாரின் 'கார்ஸ்' (2006) குழந்தைகளுக்கான படம். ஆனாலும் இந்த வரிசையில் அதைத்தான் ஓரளவு நேர்மையானது என்பேன். அதில் டாக் ஹட்ஸன் என்ற பழைய பந்தயக் கார், விபத்துக்குப்பின் தன்னைக் கழித்துக்கட்டிய உலகத்தை விட்டு வந்து பாலையூரில் ஒளிந்திருக்கிறது. ஓய்வு என்பதற்குள் இருக்கும் அவமானம் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. முடிவுதான் பொய். புகழ் திரும்பி வந்ததும் ஊர் பிழைத்துக்கொள்கிறது. நிஜத்தில் இதற்குச் சமமானது செலிக்மன் என்ற சிற்றூர். 1978இல் அகலச் சாலை அதை ஒதுக்கியது. ஏஞ்சல் டெல்காடியோ என்ற நாவிதர் முன்நின்று 1987இல் பழைய சாலைக்கென ஒரு சங்கம் அமைத்தார். அரிசோனா அரசு அதைச் சரித்திரச் சாலையாக அங்கீகரித்தது. ஊர் பிழைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிழைத்தது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை நம்பி. தங்குகிறவனுக்குப் பழம்பெருமையில் ஒரு வேளைச் சோறு கிடைக்கலாம். முழங்கால் வைத்தியம் கிடைக்காது.

ஜெஸிகா புரூடரின் 'நோமட்லேண்ட்' (2017) இந்தச் சாலையைப் பற்றிய நூல் அல்ல. என்றாலும் அதை விட்டுவிட முடியாது. 2008இன் பொருளாதார வீழ்ச்சியில் சேமிப்பையும் வீட்டையும் இழந்து, வயதான காலத்தில் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, கிடங்கு வேலைக்கும் முகாம் வேலைக்கும் அலைகிறவர்களின் கதை. அதில் வரும் லிண்டா மே அரிசோனாவின் தென்கோடியில் ஐந்து ஏக்கர் பாலைநிலம் வாங்குகிறார். அங்கே தன் கையால் வீடு கட்ட வேண்டும் என்பது அவர் லட்சியம். புத்தகத்தின் முதுகெலும்பே இந்த நிலம்தான். குளோயி ஜாவ் இயக்கிய படத்தில் (2020) அது பேச்சோடு போய்விடுகிறது. கதாநாயகி ஃபெர்ன் கூரை கொடுக்கிறவர்களையெல்லாம் மறுத்துவிட்டுச் சாலைக்கே திரும்புகிறாள். வறுமையில் விளைந்த அலைச்சல் சுதந்திரமாக உருமாறிவிட்டது. வெகு நேர்த்தியாகச் செய்யப்பட்ட உருமாற்றம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோவாவைக் கைவிட்ட அதே கை ஐந்து ஏக்கரையும் கைவிட்டிருக்கிறது.

தங்குவது என்றால் என்ன? முதலில் தண்ணீர். கிங்மன் குடிப்பது ஹுவாலபாய் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர். சொற்ப மழையில் மிக மெதுவாகவே ஊறுவது. அரிசோனா 1980இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தப் பள்ளத்தாக்கைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே விட்டுவிட்டது. பிறகு பெரும் பண்ணைகள் வந்து ஆழத்திலிருந்து உறிஞ்சின. புதிய நிலத்துக்குப் பாசனம் கூடாது என்று தடை வந்தது 2022 டிசம்பரில்தான். இருபது வருஷம் நிம்மதியாக இருக்கலாம் என்று வந்தவனுக்கு இது பொருளாதாரச் செய்தி அல்ல. தன் ஆயுளும் கிணற்றின் ஆயுளும் ஒன்றையொன்று முந்துகிற விஷயம். இதைவிடப் பெரிய நாடகம் எந்த லாரியில் இருக்கிறது?

இரண்டாவது, முன்பே தங்கியிருப்பவர்கள். கிங்மனிலிருந்து வடகிழக்கே பழைய சாலை ஹுவாலபாய் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் போகிறது. 1874இல் ராணுவம் அவர்களை நதிக்கரையின் லா பாஸுக்கு ஓட்டிக்கொண்டு போயிற்று. மேட்டு நிலத்துக்குப் பழகிய உடம்புகள் கீழே வெப்பத்திலும் நோயிலும் மடிந்தன. மறு வருஷம் மிஞ்சியவர்கள் திரும்பி வந்தார்கள். மேட்டுப்பாலைக்கும் தாழ்ந்த பாலைக்கும் உள்ள வித்தியாசம் வீட்டு விலைக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. சாலை இலக்கியத்தில் வெறுமை என்று எழுதப்படுவது இவர்கள் வீட்டு வாசல்.

இப்படி எழுத முடியாது என்றும் சொல்வதற்கில்லை. மேரி ஆஸ்டின் 1903இல் 'தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெயின்' எழுதினார். சாலைக்கு எண் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் குடியிருந்துகொண்டு எழுதியது. அதில் செயாவி என்ற பையூட் மூதாட்டி வருகிறாள். கூடை பின்னிப் பிள்ளையை வளர்த்தவள். கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் தன் குடிசையில் இருக்கிறாள். அவள் எங்கும் போவதில்லை. ஆஸ்டின் அவளுக்காக இரங்குவதில்லை. அவளைப் படிமமாக்கவும் அவசரப்படுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைக் கவனிக்கிறார். எந்த வாய்க்காலில் யாருக்கு எத்தனை உரிமை என்று அதே புத்தகத்தில் அதே நிதானத்தோடு எழுதுகிறார். தண்ணீரையும் முதுமையையும் ஒரே பார்வையில் வைக்க அவரால் முடிந்ததற்குக் காரணம், அவர் எழுதியது தான் குடியிருந்த ஊரை.

ஸ்டைன்பெக்கின் மேதைமையை இது குறைக்காது. ஆனால் பயணத்தைக் கதையாகவும் தங்குதலைக் கதை முடிந்த இடமாகவும் கருதும் பழக்கம் நம் விமரிசனத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் எழுபது வயதில் ஒரு பாலையூரில் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். நாவலாசிரியர்கள் அந்தக் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அங்கிருந்து தொடங்குகிற நாவலுக்காகவே நான் காத்திருக்கிறேன்.