ஹாரியட் பவர்ஸின் சித்திரப் போர்வைகள்

ஹாரியட் பவர்ஸ் (1837–1910) அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். அவர் தைத்தவற்றுள் இரண்டு போர்வைகளே எஞ்சியுள்ளன. ஒன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்திலும் மற்றது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன.

1886ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் முதல் போர்வையைக் கண்ட ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் அதை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, 10 டாலர் கேட்டு 5 டாலருக்குக் கொடுத்தார். பிறகும் பலமுறை சென்று அதைப் பார்த்து வந்தாராம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் கூறிய விளக்கத்தை ஸ்மித் எழுதி வைத்தார். எனவே நாம் படிப்பது விற்றவரின் பேச்சு, வாங்கியவரின் எழுத்தில்.

இவற்றை ‘நாட்டுப்புறக் கைவினை’ என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் போர்வையின் 15 கட்டங்களைப் பாருங்கள். யோபு, யோனா முதலிய விவிலியக் காட்சிகளுக்கு நடுவே 1780ஆம் ஆண்டின் இருண்ட பகலும் 1833ஆம் ஆண்டின் விண்கல் மழையும் இடம்பெறுகின்றன. இரண்டுமே அவர் பிறக்கும் முன்பு நடந்தவை! செவிவழி வந்த நினைவைத் துணியில் வெட்டிப் பொருத்தித் தைத்து, வேத நிகழ்ச்சிகளுக்குச் சமமாக வைத்திருக்கிறார். வரலாற்றாசிரியர் செய்யும் வேலைதானே இது?

இன்னொரு கட்டத்தில் பெட்ஸ் என்ற பெண்பன்றி வருகிறது. ஜார்ஜியாவிலிருந்து வடக்கே வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய, யாருக்கும் அடங்காத பன்றி அது. தப்பியோடிய அடிமைகளை நினைக்காமல் அந்தக் கட்டத்தைக் கடக்க முடியவில்லை.