எவால்வ் (இசைத்தொகுப்பு): ஒரு மதிப்பீடு

மும்பையில் 1984இல் 'ராக் மெஷின்' என்ற பெயரில் தொடங்கிய ராக் இசைக்குழு, 1993இல் 'இண்டஸ் கிரீட்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1997இல் கலைந்து, 2010இல் மீண்டும் இணைந்தது. அதன் மறுவருகைத் தொகுப்பே 'எவால்வ்' (2012). முந்தைய தொகுப்பு வெளிவந்தது 1995இல்.

உதய் பெனகல், மகேஷ் தினாய்கர், ஜுபின் பலபோரியா ஆகியோருடன் ருஷாத் மிஸ்திரி, ஜெய் ரோ கவி என்னும் இளையவர்கள் சேர்ந்தனர். 'பிரெட்டி சைல்ட்' தந்த புகழை நம்பி இவர்கள் பழைய பாணியைத் திருப்பிப் பாடவில்லை. நீண்ட, சிக்கலான தாளக்கட்டுள்ள பாடல்களைத் தந்தனர். உடனே முணுமுணுக்கத்தக்க பல்லவி குறைவு என்பது உண்மையே. ஆயினும் பழம்பெருமையை விற்காத துணிவே இதன் மதிப்பு. ஆண்டு நிறைவு மறுவெளியீடுகள் பெருகிய காலத்தில் அட்டையைப் புதுப்பிப்பது எளிது. இசையைப் புதுப்பிப்பதே அரிது. இக்குழு அரியதைச் செய்தது.