ஆலய வாசலுக்கு வெளியே பெற்றோர்

மார்மன் சபை எனப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைக் குறித்து நாம் தர்க்கிக்கும்போது, திரித்துவத்தையும் மார்மன் நூலின் தோற்றத்தையும் பற்றியே பேசி நின்றுவிடுகிறோம். அச்சபையின் திருமண முறையை நாம் ஆராய்வது அரிது. எனினும், ஒரு கோட்பாடு குடும்பத்தினுள் நுழைந்து என்ன செய்கிறது என்பதை அங்கேதான் தெளிவாகக் காண்கிறோம்.

'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்னும் அவர்களது நூலின் 132-ஆம் பிரிவு, 1843-இல் எழுத்தில் பதிவான ஜோசப் ஸ்மித்தின் வெளிப்பாடாகும். உரிய அதிகாரம் பெற்றவரால் முத்திரிக்கப்பட்ட மணமே மரணத்துக்கு அப்பாலும் நிலைக்கும் என்பது அதன் போதனை. இம்முத்திரிப்பு ஞாயிறு ஆராதனை நடைபெறும் கட்டடங்களில் நிகழ்வதன்று. பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயங்களிலேயே நிகழ்வது. சிறியதோர் அறை, நடுவே பலிபீடம், அதன் இருபுறமும் மணமக்கள் முழங்காற்படியிடுகின்றனர். எதிரெதிர்ச் சுவர்களிலுள்ள கண்ணாடிகள் அவர்களது உருவத்தை முடிவின்றி அடுக்கிக் காட்டுகின்றன. அழகிய அடையாளம்தான், ஐயமில்லை.

ஆனால் அவ்வறையில் நுழையப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். உள்ளூர்ச் சபைத் தலைவரும் வட்டாரத் தலைவரும் தனித்தனியே வினவிய பின்னரே அதனை வழங்குவர். விசுவாசம், ஒழுக்கம், முழுத் தசமபாகம், மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்கல் யாவும் அவ்வினாக்களில் அடங்கும். ஆகவே பிற சபையைச் சேர்ந்த தந்தை மட்டுமல்லர், காப்பியை விடாத மார்மன் தாயும் தன் மகளின் முத்திரிப்பைக் காண இயலாது. மணமகளின் இளைய தம்பியும் வெளியேதான். (கறுப்பின அங்கத்தினருக்கோ 1978 ஜூன் வரை இம்முத்திரிப்பே மறுக்கப்பட்டிருந்தது.)

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் இவ்விதி மிகக் கடுமையாய் அழுத்தியது. பெற்றோர் காணும்படி முதலில் வெளியே மணந்தவர்கள், ஆலய முத்திரிப்புக்கு ஓராண்டு காத்திருக்கவேண்டும். அக்காத்திருப்பு தண்டனைபோல் தோன்றியதால், பலர் பெற்றோரைப் புல்வெளியில் நிறுத்திவிட்டு உள்ளே சென்றனர். பிரித்தானியாவிலோ, திருமணம் யாவரும் வரக்கூடிய இடத்தில் நடைபெறவேண்டும் என்று சட்டம் கோரியது. அங்கே ஓராண்டுத் தடையும் இல்லை. நாட்டின் சட்டத்துக்கு வளைந்த விதி, தாயின் கண்ணீருக்கு ஏன் வளையவில்லை?

2019 மே மாதம் அத்தடை நீக்கப்பட்டது. பெற்றோர் ஒதுக்கப்பட்டதாக உணரக்கூடிய இடத்தில் வெளியே மணம் முடித்து, பின்னர் முத்திரிப்புப் பெறலாம் எனத் தலைமை அறிவித்தது. இது நற்செயல் என்று நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அறிவிப்பே காயத்தையும் ஒப்புக்கொள்கிறது. மேலும், ஆலயத்திலேயே மணப்பதை ஊக்குவிக்குமாறு தலைவர்கள் இன்னமும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பெற்றோர் காண்பது சட்டத்துக்கான மணம். மெய்யானது மூடிய கதவுக்குப் பின்னால் என்ற எண்ணம் நீங்கவில்லை.

தாங்கள் மறைப்பது இரகசியமானதன்று, பரிசுத்தமானது என்பர் அவர்கள். பரிசுத்தத்துக்கு வேலி வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை; திருவிருந்துப் பந்தியை நம் சபைகளும் காத்துவந்துள்ளன. ஆனால் திருமணம் அத்தகையதன்று. அது இரு குடும்பங்களின் முன்னும் ஊரின் முன்னும் செய்யப்படும் வாக்கு; சாட்சிகள் அதற்கு அலங்காரமல்லர். உயிர்த்தெழுதலில் கொள்வனை கொடுப்பனை இல்லை என்று சதுசேயருக்கு ஆண்டவர் உரைத்த மறுமொழியின்படி, மணவாழ்வு இவ்வுலகத்துக்குரியது. அதனால்தான் இவ்வுலகத்துத் தாய் தந்தையர் அதில் இடம்பெறவேண்டியவராயினர். மாற்கு ஏழாம் அதிகாரத்திலுள்ள கொர்பான் வழக்கையும் நாம் இங்கு நினைக்கிறோம். கடவுளுக்கென்று ஒதுக்கியதாகச் சொல்லிப் பெற்றோருக்குரியதைத் தடுப்பதே அங்கே கண்டிக்கப்பட்டது. நித்திய குடும்பத்தை நாடி இன்றைய தகப்பனை வாசலில் நிறுத்துவது அதற்கு எவ்வளவு தொலைவு?

பெங்களூருவில் ஆலயம் எழுப்பப்படும் என 2018-இல் அறிவித்து, 2020-இல் அச்சபையார் அதற்கு அடிக்கல் நாட்டினர். நம் சபைத் தாய் ஒருத்தி, மகனின் திருமணத்தில் தனக்கு இடமில்லையா என்று நம் ஆயர்களிடம் வந்து வினவக்கூடும். அவளுக்குத் திரித்துவத்தைப் பற்றிய பாடம் அப்பொழுது பயன்படாது.