நாற்றங்கால்

நிரல் எழுத உதவும் ஏஐ கருவியான கிட்ஹப் கோபைலட்டை வைத்து 2022இல் நடந்த ஒரு சோதனையில், ஜாவாஸ்கிரிப்டில் சிறிய சர்வர் ஒன்றை எழுதச் சொன்னார்கள். கருவி வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் எழுதி முடித்தார்கள். 2025இல் மெட்ர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு கண்டது நேர்மாறானது. பல ஆண்டுகளாகத் தாங்களே பங்களித்துவந்த திறமூல மென்பொருள்களில் வேலை செய்த 16 அனுபவசாலிகள், செயற்கை நுண்ணறிவுத் துணையோடு 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லாம் முடிந்த பிறகும் 20 சதவீதம் வேகமாக முடித்ததாகவே அவர்கள் நம்பினார்கள்.

இரண்டும் உண்மைதான். வெற்று மனையில் சுவர் எழுப்புவது வேறு. ஆள் குடியிருக்கும் பழைய வீட்டில் குழாய் மாற்றுவது வேறு. நம் ஐடி சேவை நிறுவனங்களுக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு அந்தக் குழாய் வேலைதான். அங்கும் இந்தக் கருவி உதவாமல் இல்லை. டெஸ்ட் கேஸ் எழுதும், யாரோ கோபோல் மொழியில் எழுதிவிட்டுப் போன நிரலை விளக்கிச் சொல்லும். ஆனால் தவறையும் அதே தெம்போடு எழுதிக்கொடுக்கும். அதைக் கண்டுபிடிக்க, முன்பு அப்படி ஒரு தவறைச் செய்து நள்ளிரவில் விழித்திருந்தவர் வேண்டும்.

அந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவது? டெஸ்டிங், சின்னச் சின்ன பக் திருத்தம், சப்போர்ட் டிக்கெட் ஆகியவைதான் ஃப்ரெஷர்களின் நாற்றங்கால். கருவி முதலில் எடுத்துக்கொள்வதும் அவற்றைத்தான். அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2025இல் அலசியபோது, 22 முதல் 25 வயது வரையான மென்பொருளாளர்களின் எண்ணிக்கை 2022 இறுதியின் உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் சரிந்திருந்தது. மூத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

எல்லாப் பழியையும் ஏஐ தலையில் போடுவதும் சரியல்ல. கொரோனா காலத்தில் அள்ளி அள்ளி ஆள் எடுத்ததற்கும் இதில் பங்குண்டு. 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக டிசிஎஸ் அறிவித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலையினர். திறன் பொருந்தாமையே காரணம் என்றது நிறுவனம்; ஏஐ தரும் உற்பத்தித்திறன் அல்ல என்றது.

என் கவலை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஆள்-மணிக்கு இவ்வளவு என்று பில் போடும் முறையில், புதியவர் தடுமாறிக் கற்ற நேரத்துக்கும் வாடிக்கையாளரே, தெரிந்தோ தெரியாமலோ, பணம் கட்டிவந்தார். இப்போது அவர் ஏஐயைக் காட்டித் தள்ளுபடி கேட்கிறார், நியாயமான கேள்விதான். தள்ளுபடி கொடுத்த நிறுவனம் முதலில் கைவைப்பது கேம்பஸ் தேர்வில். ஃப்ரெஷரை முதலில் எழுதவிட்டு, அதன்பின் கருவியிடம் திருத்தம் கேட்கச் சொல்லலாம். கற்க அது நல்ல வழி. ஆனால் அதற்கு ஆகும் கூடுதல் நேரத்தை எந்த வாடிக்கையாளர் பெயரில் எழுதுவது என்று எந்த மேனேஜருக்கும் தெரியவில்லை.