ஒளிப்படமும் காட்சியமைப்பும்: ‘மானுடக் குடும்பம்’ கண்காட்சியை முன்வைத்து

ஓர் ஒளிப்படத்தில் என்ன இருக்கிறது, அதனை எடுத்தவர் யார் என்பவற்றை விரிவாக ஆராயும் நாம், அது எந்த அளவில், எதற்கு அருகில், எச்சொற்களுடன் வைக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்துவிடுகிறோம். எட்வர்ட் ஸ்டைக்கன் தொகுத்து, 1955 சனவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்ட ‘மானுடக் குடும்பம்’ கண்காட்சி இவ்வழக்கத்தின் குறையை நன்கு புலப்படுத்துகிறது. 68 நாடுகளில் எடுக்கப்பட்ட 503 படங்கள் அதில் இடம்பெற்றன; எடுத்தவர்கள் 273 பேர்.

கட்டடக் கலைஞர் பால் ருடால்ஃப் வகுத்த அமைப்பில் படங்கள் சட்டமின்றி, வெவ்வேறு அளவுகளில் வைக்கப்பட்டன. அளவையும் இடத்தையும் முடிவுசெய்தவர்கள் படமெடுத்தவர்கள் அல்லர். காதல், பிறப்பு, உழைப்பு, இறப்பு எனத் தொடரும் பாதையில் பார்வையாளர் நடந்து சென்றனர். படத்தருகே நாட்டின் பெயரும் எடுத்தவர் பெயரும் இருந்தன. ஆண்டும் சூழலும் இல்லை. டொரோத்தியா லாங்கின் ‘புலம்பெயர் தாய்’ இதற்குச் சான்று. 1936இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் எடுக்கப்பட்ட அப்படம் அரசின் கவனத்தைக் கோரிய ஆவணம். கண்காட்சியிலோ அது காலமற்ற தாய்மையின் முகமாயிற்று. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அதன் வழக்குத்தான் மறைந்துபோயிற்று.

ரோலான் பார்த் தமது ‘மித்தாலஜீஸ்’ (1957) நூலில் கண்டிப்பது இம்மறைப்பையே. பிறப்பும் இறப்பும் எங்கும் உண்டு; ஆனால் வரலாற்றை நீக்கிவிட்டால் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் எஞ்சாது என்பது அவர் வாதம். அது வலுவானதே. எனினும், தலைப்பையும் உடன்வைத்த உரைகளையும் கூர்ந்து படிக்கும் பார்த், பாதை, அளவு, வெளிச்சம் ஆகியவற்றுள் நுழைவதில்லை. கண்காட்சியை அவரும் ஒரு நூலாகவே வாசிக்கிறார்.

நூலுக்கும் அரங்குக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. நியூயார்க் அரங்கில் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கடந்து வந்தவர், இருண்ட பகுதியொன்றில் பின்னிருந்து ஒளியூட்டப்பட்ட பெரிய வண்ணப் படத்தின் முன் நின்றார். அது ஹைட்ரஜன் குண்டு வெடிப்பு. அரங்கின் ஒரே வண்ணப் படமும் அதுவே. உடன் வெளியான நூலில் அப்படம் இல்லை. பல பதிப்புகள் கண்ட அந்நூலின் வழியே கண்காட்சியை அறிந்தவர், யூஜின் ஸ்மித்தின் இரு குழந்தைகள் வெளிச்சத்தை நோக்கி நடக்கும் முடிவுக்கு அச்சமின்றி வந்துசேர்கிறார். (இக்கட்டுரையாளரும் நெடுநாள் நூலையே கண்காட்சி எனக் கருதியிருந்தவர்.) ‘மேலோட்டமான மனிதநேயம்’ என்னும் குற்றச்சாட்டு நூலுக்குப் பெரிதும் பொருந்தும், நியூயார்க் அரங்குக்கு அதே அளவில் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

ஆனால் இதனால் ஸ்டைக்கனை முற்றிலும் விடுவித்துவிடவும் இயலாது. குண்டின் ஒளி காட்டப்பட்டது. அது போன்றதொரு ஒளி விழுந்த உடல்கள் காட்டப்படவில்லை. 1956இல் டோக்கியோவில், நாகசாகியில் குண்டு விழுந்த மறுநாள் யோசுகே யமஹாட்டா எடுத்த படங்கள் சேர்க்கப்பட்டன. பேரரசர் பார்வையிட வந்தபோது அவற்றைத் திரையிட்டு மறைத்தனர், பின்னர் அகற்றிவிட்டனர். அத்திரையும் காட்சியமைப்பின் பகுதியே. அதற்கு முன் வந்தவரும் பின் வந்தவரும் ஒரே பெயரில் இருவேறு கண்காட்சிகளைக் கண்டனர்.

1994 முதல் லக்ஸம்பர்க்கின் கிளெர்வோ கோட்டையில் இக்கண்காட்சி நிலையாக வைக்கப்பட்டுள்ளது. அங்குச் செல்ல இயலாத ஆய்வாளர், நூலைத் திறக்குமுன் 1955ஆம் ஆண்டு அரங்கின் நிழற்படங்களையேனும் பார்த்தாக வேண்டும்.