யார் செவிக்கு? – இலங்கை அரசியற் சொற்பொழிவுகள் பற்றி ஓர் ஆய்வு

பொரளைச் சந்தியில் நின்றுகொண்டு இந்நாட்டின் அரசியற் பேச்சைப்பற்றி நினைப்பவனுக்குத் தூரப் பிரயாணம் எதுவும் வேண்டியதில்லை. மே தினத்தில் கட்சிகள் மேடை போடுகிற கெம்பல் மைதானம் இங்கேயே இருக்கிறது. சமசமாஜக் கட்சியின் தலைவர் கலாநிதி என். எம். பெரேரா வசித்த வீடு, இப்பொழுது அவர் பெயரால் வழங்கும் கொட்டா வீதியில் இருக்கிறது. பண்டாரநாயக்க குடும்பத்தின் இல்லம் அமைந்த ரோஸ்மீட் பிளேஸ் நடந்து போகிற தூரம். கனத்தை மயானமோ கூப்பிடு தூரம். மைதானத்து ஒலிபெருக்கி வீட்டு ஜன்னல்வரை எட்டுகிற இந்தப் பகுதியிலே பல காலம் வாழ்ந்த எனக்கு, பேசுகிறவர் யார் என்பதைக் காட்டிலும், இது யார் செவிக்காகப் பேசப்படுகிறது என்ற வினாவே மனத்தில் நின்றுவிட்டது.

இத்துறையில் நடந்த ஆராய்ச்சிகளில் அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் செய்தவை தலையாயவை. 2009 இல் வெளிவந்த முதல் நூலில் திராவிட இயக்க மேடைத்தமிழின் அழகியலை ஆராய்ந்த அவர், மறைவுக்குப்பின் 2021 இல் வெளியான இரண்டாவது நூலில் அதன் மூலத்தைத் தேடி யாழ்ப்பாணத்துக்கே வந்து சேர்ந்தார். கிறிஸ்தவப் பாதிரிமாரின் பிரசங்க முறையை நன்கறிந்திருந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வித்துவான்களுக்கு மட்டுமன்றி வந்திருந்த ஜனங்கள் யாவருக்கும் ஒருங்கே பேசுவதென்கிற அந்தப் பழக்கமே, சுதேசி இயக்க காலத்துத் தூத்துக்குடியிலும் பிற்காலத்துத் தொழிற்சங்க மேடைகளிலும் அரசியல் உருவம் எடுத்தது என்பது பேட் காட்டும் வழி. அவ்வழியை நான் ஏற்கிறேன். ஆனால், தமிழருக்குத் தமிழர் பேசிய கதையோடு அது நின்றுவிடுகிறது. கொழும்பிலிருந்து பார்க்கிறவனுக்கு அது பாதிக் கதைதான்.

1915 ஆம் ஆண்டுச் சிங்கள–முஸ்லிம் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிங்களருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளைச் சட்டநிரூபண சபையிலே எடுத்துரைத்தவர் பொன்னம்பலம் இராமநாதன் என்னும் தமிழர். 1917 இல் நாட்டின் அரசியல் தேவைகளைப்பற்றிப் பேருரை நிகழ்த்தி, 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவர் அவருடைய தம்பி அருணாசலம். இவ்விருவரும் பேசிய பாஷை ஆங்கிலம். கேட்டவர்கள் மிகச் சிலர். ஆயினும் அச்சிலரிலே எல்லா இனத்தவரும் இருந்தார்கள். டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931 இல் சர்வஜன வாக்குரிமை கிடைத்தபொழுது செவிகள் இலட்சக்கணக்கில் பெருகின. பெருகியது பெரும் பாக்கியமே. ஆனால், பேச்சு சனங்களின் பாஷைக்கு இறங்கிய அதே வேளையில் கேட்போர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

பிளவின் முதற் சத்தம் 1939 இல் கேட்டது. சிறுபான்மையோர் அனைவருக்கும் சேர்த்துச் சரிபாதிப் பிரதிநிதித்துவம் கேட்டு மணிக்கணக்கில் வாதாடிய ஜீ. ஜீ. பொன்னம்பலம், அவ்வாண்டு நாவலப்பிட்டியில் சிங்களரின் சரித்திரப் பெருமிதத்தைத் தொட்டுப் பேசிய பேச்சு கலவரத்தில் முடிந்தது. நீதிமன்றத்தில் எதிரியின் செவியை வெல்லத் தெரிந்த அந்த மகா வழக்கறிஞர், மேடையில் அதை எண்ணிப் பார்த்தாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

எதிர்த்தரப்பின் செவியை நோக்கியே பேசப்பட்ட சொற்களுக்கு உதாரணம் தேடினால் 1956 ஜூன் மாதத்துக்குத்தான் போகவேண்டும். சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கும் மசோதா ஜூன் 5 ஆந் திகதி சபைக்கு வந்தது. அன்றே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களைக் குண்டர்கள் அடித்து நொறுக்கினார்கள். சபைக்குள்ளே, ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும், இரு மொழி என்றால் நாடு ஒன்றாகவே இருக்கும் என்ற கருத்தைச் சிங்களப் பெரும்பான்மையின் முகத்துக்கு நேரே வைத்தவர், தாமே சிங்களரான கொல்வின் ஆர். டி சில்வா. என். எம். பெரேராவின் கட்சி முழுவதும் அப்பக்கமே நின்றது. சிங்கள வாக்குகளையே நம்பியிருந்த ஒரு கட்சி அப்படி நின்றதை இன்று வாசிக்கும்போதும் நெஞ்சு நெகிழ்கிறது. 56க்கு 29 என்ற வாக்குகளால் மசோதா நிறைவேறியது.

அந்த மசோதாவைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்கவோ, ஒக்ஸ்போர்ட் விவாத மன்றத்திலே பேர்பெற்று, 1926 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து இந்நாட்டுக்குச் சமஷ்டியே தகும் என்று பேசியவர். 1957 ஜூலையில் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்தோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரல் 9 அன்று ரோஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன்னே பிக்குமார் வந்து அமர்ந்து கைவிடச் செய்தார்கள். நாவன்மையில் நிகரற்ற ஒருவர், தாம் மேடைகளிலே வளர்த்துவிட்ட ஆவேசத்தின் முன் தம் வாசலிலேயே பேச்சற்று நின்ற நாள் அது. கொல்வினின் கதை அதனினும் வேதனை தருவது: 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, சிங்களத்தின் தனி ஸ்தானத்தை அடிப்படைச் சட்டமாகவே ஆக்கியபொழுது, அதை வரைந்து சபையில் நடத்திச் சென்ற அமைச்சர் அவரே.

தமிழ் மேடையில் இக்காலம் பெரும் பேச்சாளர்களின் காலம். அமிர்தலிங்கத்தின் குரலுக்கும், சொல்லின் செல்வர் என்று மட்டக்களப்பார் கொண்டாடிய செ. இராசதுரையின் அடுக்குமொழிக்கும் மைதானங்கள் நிரம்பின. தமிழகத்து மேடையின் ஓசை இவர்களிடம் நன்றாகக் கேட்டது. செல்வநாயகமோ மெல்லப் பேசுபவர், பிற்காலத்தில் நோயினால் குரலும் தேய்ந்தவர். ஆயினும், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, இன்று அவர்களுக்கு நேர்வது நாளை மொழியுரிமையில் நமக்கும் நேரும் என்று அவர் அலங்காரமின்றிச் சொன்னதே காலத்தால் மெய்யாயிற்று. மருமகனான ஜெயரத்தினம் வில்சன் எழுதிய சரித்திரத்தில் இந்த அடங்கிய குரலின் பலத்தை ஒருவாறு உணரலாம்.

1983 ஜூலை 24 அன்று, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று இராணுவத்தினரின் உடல்களுக்காகக் கனத்தையிலே கூட்டம் காத்திருந்தது. அடக்கம் நடைபெறவில்லை, அன்றிரவு தமிழருக்கு எதிரான கலவரத்தின் தீ பொரளையிலிருந்துதான் புறப்பட்டது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த நாலாம் நாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அந்த உரையிலே பெரும்பான்மையோரின் மனக்குறை இருந்தது, பிரிவினையைத் தடைசெய்யும் சட்டத்தின் அறிவிப்பு இருந்தது, எரிந்தவர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இருக்கவில்லை. அகதி முகாமிலிருந்த தமிழனும் அந்நாட்டின் பிரஜைதான் என்பதை அந்த உரை மறந்தது. இந்நாட்டில் ஆற்றப்பட்ட உரைகளிலே ஆகத் தீங்கானது அதுவே என்பது என் அபிப்பிராயம். ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தத்தின்படி பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழக்க, சபையில் வடக்கின் குரல் அற்றுப்போயிற்று.

பின்னர் துப்பாக்கி பேசியது. அமிர்தலிங்கம் 1989 ஜூலையில் கொழும்பிலே கொல்லப்பட்டார். சபையில் இரு தரப்பும் கேட்கப் பேசக்கூடியவராக எஞ்சியிருந்த நீலன் திருச்செல்வம், 1999 ஜூலை 29 காலை, ரோஸ்மீட் பிளேஸ் சந்திக்கு அருகே தற்கொலைக் குண்டுக்கு இரையானார். 1958 இல் பிக்குமார் வந்து அமர்ந்த அதே வீதிதான்.

இன்று சபையில் ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்புச் செய்வோர் இருக்கிறார்கள். காதுக்கருவியை மாட்டிக்கொண்டால் எந்த அங்கத்தவரும் எந்த உரையையும் கேட்கலாம். ஹன்சார்ட்டோ ஒவ்வொரு பேச்சையும் பேசிய மொழியிலேயே அச்சிடுகிறது. ஆகவே ஒரே நாளின் ஒரே விவாதத்தை வாசிக்கிற தமிழர், தமக்குத் தெரியாத எழுத்து வருகிற பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போகிறார். அடுத்த வீட்டுச் சிங்களரும் அவ்விதமே தமிழ்ப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போகிறார்.