‘ரெறர் இன் எ ரெக்ஸாஸ் ரவுண்’: துணைப்பாத்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

ஜோசெப் எச். லூயிஸின் நெறியாள்கையில் 1958இல் வெளிவந்த ‘ரெறர் இன் எ ரெக்ஸாஸ் ரவுண்’ பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் இறுதிக் காட்சியையே எடுத்துரைப்பர். கைத்துப்பாக்கியேந்திய கொலையாளியைக் கதாநாயகன் திமிங்கில வேட்டைக்குரிய எறியீட்டியுடன் எதிர்கொள்ளும் அக்காட்சி புதுமையானதே. ஆயின் படத்தின் கனதி அங்கில்லை. மிகக் குறைந்த முதலீட்டில், ஏறத்தாழ 80 நிமிட நீளத்தில் ஆக்கப்பட்ட இப்படத்தைத் தாங்கி நிற்போர் துணைப்பாத்திரங்களை ஏற்ற இருவரேயாவர்.

நிலத்தடியில் எண்ணெய் இருப்பதை அறிந்த மக்னீல் என்னும் செல்வன், சிறு விவசாயிகளை வெளியேற்றும்பொருட்டு ஜொனி கிரேல் என்னும் கொலையாளியை அமர்த்துகிறான். சுவீடனிலிருந்து வந்து குடியேறிய முதியவர் ஹான்சன் கொல்லப்படுகிறார். அயலவனான மெக்சிக்க விவசாயி மிராடா அக்கொலையைக் கண்டும், குடும்பத்தை எண்ணி வாய்திறவாதிருக்கிறான். பின்னர், கடலோடியான ஹான்சனின் மகன் வந்து சேர்கிறான். மக்னீலாக வரும் செபஸ்ரியன் கபொட்டின் நடிப்பு நாம் பலமுறை கண்டதே. மகனாக நடிக்கும் ஸ்ரேர்லிங் ஹேய்டனோ சுவீடிய உச்சரிப்பைச் சுமந்து திணறுகிறார்.

கிரேலாக நடித்த நெட்ரிக் யங்கின் நிலை வேறு. துப்பாக்கி பிடித்த வலக்கையை இழந்து, இடக்கையாற் சுடப் பழகியவன் கிரேல். அவ்விழப்பை யங் அனுதாபம் வேண்டும் கருவியாக்கவில்லை. தாழ்ந்த குரல், குறைந்த அசைவு, தன் தொழிலின் காலம் முடிந்துவிட்டதென உணர்ந்த ஒருவனின் சோர்வு ஆகியவற்றாலேயே அப்பாத்திரத்தை அமைக்கிறார். அவனுடன் வாழும் மொலியாகக் கரொல் கெலி காட்டும் களைப்பும் இதற்கு இசைவானது.

மிராடாவாக வரும் விக்ரர் மிலானுக்குக் கிடைத்தவை சில காட்சிகளே. அஞ்சி அடங்கியிருந்தவன் ஈற்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறான். கிரேல் அவனைக் கொல்ல வருகிறான். மிலான் இவ்விடத்தில் வீரவசனம் பேசுபவராக மாறவில்லை. முன்பிருந்த அதே எளிய மனிதனாகவே நிற்கிறார். அச்சம் மட்டுமே நீங்கியிருக்கிறது. கொல்பவன் நிலைகுலைகிறான். இருவரும் ஒருவரையொருவர் நோக்கும் அக்கணத்துக்கு ஈடான ஒன்றை, பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட மேற்குநிலப் படங்கள் பலவற்றிலும் நான் கண்டதில்லை.

இங்கு ஒரு செய்தி மனங்கொளத்தக்கது. திரைக்கதையை எழுதியவர் ஹொலிவூட்டின் கறுப்புப்பட்டியலில் இருந்த டால்ரன் ட்ரம்போ. திரையிற் காட்டப்பட்டதோ பென் பெரியின் பெயர். யங் 1953இல் அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவுடன் ஒத்துழைக்க மறுத்துக் கறுப்புப்பட்டியலில் இடப்பட்டவர். ஹேய்டன் 1951இல் அதே குழுவின் முன் பெயர்களைச் சொல்லிப் பின்னர் அதற்காக வருந்தியவர். வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு நடிப்பை அளப்பது தவறு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், சாட்சி சொல்வதா மௌனம் காப்பதா என்பதையே மையமாகக் கொண்ட கதையில் இவர்கள் ஒருங்கு நிற்பதைப் புறக்கணித்தல் இயலாது. குழுவின் முன் மௌனமே துணிவாயிருந்தது; மிராடாவுக்கோ பேசுதலே துணிவாகிறது. ட்ரம்போ இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை.

மிராடாவைக் கொன்றபின் கிரேல் மக்னீலிடம் திரும்பி, சாவுக்கு அஞ்சாத ஒருவனைக் கண்டதாகச் சொல்கிறான். யங்கின் குரல் இங்கு முதன்முறையாகத் தளர்கிறது. பின்னர் மக்னீலையே அவன் சுட்டுவிடுகிறான். எறியீட்டி வீசப்படுமுன்னரே கிரேல் தோற்றுவிட்டான்.